மணிக்கு ஒரு சொட்டு

என் மருந்துக்கடைக் குளிர்பெட்டியில் மேல்தட்டு இன்சுலினுக்கு. நடுத்தட்டில் நாய்க்கடி ஊசியும் டெட்டனஸ் ஊசியும். கதவோரம் இருக்கும் சின்னத் தட்டில், போன ஆண்டு கார்த்திகை முதல் தை முடியும்வரை ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. டம்ளருக்குள் சொட்டு மருந்துள்ள ஒரு பிளாஸ்டிக் குப்பி. குப்பியில் கையால் எழுதி ஒட்டிய தாள்: அமிக்காசின் 2.5 சதவீதம், திறந்த தேதி, அத்தையின் பெயர். கடைக்கு வந்த மருந்து ஆய்வாளர்கூட, "இது என்ன, டம்ளரில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "என் அத்தையின் வலது கண், சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

நான் இருப்பது கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை. தேனி மாவட்டத்துக் கூடலூர். இதைச் சொல்லாமல் எந்தக் கூரியரும் ஒழுங்காக வந்து சேர்ந்ததில்லை. எங்கள் ஊரைத் தாண்டினால் லோயர் கேம்ப், அப்புறம் மலைச்சாலை, அப்புறம் குமுளி, அப்புறம் கேரளா. விடிகாலையில் இந்தச் சாலையில் ஜீப்புகள் வரிசையாக ஏறும். ஒவ்வொன்றிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, கையில் மடித்த பிளாஸ்டிக் தாள். வண்டன்மேடு, ஆனக்கரை, புற்றடி என்று ஆளுக்கொரு ஏலத்தோட்டம். சாயங்காலம் திரும்பும்போது அவர்களில் பாதிப்பேர் என் கடை வாசலில் இறங்குவார்கள். இடுப்பு வலி மாத்திரை, தைலம், அட்டைக்கடிக்கு ஏதாவது, கண்ணுக்குச் சொட்டு மருந்து. இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் பாதி இந்த ஜீப்புகள் இறக்கிவிட்டதுதான்.

என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, முப்பது வருடமாக அந்த ஜீப்பில் போகிறவர். வயது ஐம்பத்தெட்டு. ஏலக்காய் எங்கே காய்க்கும் என்று வெளியூர்க்காரர்களைக் கேட்டால் மரத்தில் என்றோ கொடியில் என்றோ சொல்வார்கள். செடி ஆள் உயரத்துக்கு மேல் போகும். காயோ அடியில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்திருக்கும் சரத்தில்தான் இருக்கும். அதனால் காய் எடுப்பவர் முகம் நாள் முழுக்கத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தான். தலைக்கு மேலே இலைகள் ஈரத்தோடு தொங்கும். கவாத்து நாளில் காய்ந்த தோகைகளைப் பிடித்து இழுக்கும்போது அது சாட்டைபோல் வந்து அடிக்கும். எங்கள் கடைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர், "தோகை அடித்துவிட்டது" என்பார்கள்.

அத்தையும் அதைத்தான் சொன்னார். ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம். வலது கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. தோட்டத்திலேயே ஒரு கிழவி முந்தானை நுனியை முறுக்கித் தூசி எடுத்துவிட்டிருந்தார். அது போதாதென்று வீட்டுக்கு வந்து நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றியும் பார்த்துவிட்டார். மறுநாள்தான் என்னிடம் வந்தார்.

"மருமகனே, அந்தச் சிவப்புப் போகிற மருந்தைக் கொடு. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும்."

கொடுத்தேன். எந்த மருந்து என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கை தானாகப் போய் எடுத்த மருந்து அது. ஓர் ஆன்டிபயாடிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்து. அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும்; மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். டி.பார்ம் படித்தவன் நான். அந்த வரி எனக்கு மனப்பாடம். என்னைச் சுற்றியுள்ள கடைக்காரர்களுக்கும் மனப்பாடம்தான்.

அது ஏன் இப்படி விற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், என்னை நியாயப்படுத்திக்கொள்வதற்காக அல்ல. அது வேலை செய்கிறது. ஒவ்வாமைச் சிவப்பு, புகைச் சிவப்பு, தூசிச் சிவப்பு, எதுவானாலும் இரண்டு மூன்று நாளில் கண் வெளுத்துவிடும். வாங்கிப்போனவர் திரும்பி வந்து, "கைராசிக்காரரய்யா நீங்கள்" என்பார். உள்ளே கிருமி புகுந்த கண்ணிலும் இதே மருந்து இதே சிவப்பை இதே வேகத்தில் எடுத்துவிடும். சிவப்பு என்பது உடம்பு ஆள் அனுப்பிச் சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்த ஆட்களை உட்கார வைத்துவிடும். கிருமி தன் பாட்டுக்கு வளரும்.

அத்தையின் கண் மூன்றாம் நாள் வெளுத்தது. நான்காம் நாள் ஜீப் ஏறிப் போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கடைக்கு வந்தபோது வலது கையால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டாலே குத்துகிறது என்றார். கையை எடுக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியில், ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, அரிசி நொய் அளவுக்கு மங்கலான வெள்ளை. இந்த இரண்டு வாரத்தில் அதே மருந்தை இன்னொரு குப்பியும் வாங்கிப் போட்டிருக்கிறார். அதை விற்றது என் கடைப் பையன். பில் என் பெயரில்.

பக்கத்து நகரத்துக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். தோகை அடித்தது என்று கேட்டதுமே, "பூஞ்சையாக இருக்கும்" என்றார். நாட்டமைசின் எழுதிக் கொடுத்தார். குலுக்கிவிட்டுப் போட வேண்டிய வெள்ளைக் கலங்கல் மருந்து. போட்டால் இமை ஓரமெல்லாம் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒட்டிக்கொள்ளும். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. இந்தப் பக்கத்துக் கருவிழிப் புண்களைப் பற்றி நினைத்தால் யாருக்கும் முதலில் பூஞ்சைதான் நினைவு வரும். 1994-இல் மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அதில் கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 47.1 சதவீதம், பூஞ்சை மட்டும் இருந்தவர்கள் 46.8 சதவீதம். ஏறக்குறைய சரிபாதி. மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் ஏதோ அடிபட்ட பிறகு வந்த புண்; பெரும்பாலும் வயல்வேலைக்காரர்கள். குளிர்நாட்டு மருத்துவப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே வைத்தியம் பார்க்க முடியாது என்பதை அந்த எண்களே சொல்லும்.

பன்னிரண்டு நாள் நாட்டமைசின் போட்டோம். புண் குறையவில்லை. மெல்ல, மிக மெல்ல, அகலமாகிக்கொண்டு வந்தது. அந்த மெதுவுதான் என்னை ஏமாற்றியது. சூடோமோனாஸ் மாதிரியான கிருமி என்றால் இரண்டு மூன்று நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும். யாருக்கும் பயம் வந்துவிடும். இதுவோ வட்டிக்காரன் மாதிரி அவசரமே காட்டவில்லை.

பதின்மூன்றாம் நாள் விடிகாலை பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினோம். நான்கு மணி நேரம். அத்தை ஜன்னலோரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டி தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, "நான் கண்ணை அழுத்திக் கசக்கிவிட்டேன் மருமகனே, அதனால்தான் இப்படி" என்றார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டீ வாங்கி வருகிறேன் என்றேன்.

ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பெரிய கண் மருத்துவமனைக்குப் போனோம். கருவிழிப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் இளம் பெண் மருத்துவர். இதுவரை போட்ட மருந்தெல்லாம் காட்டுங்கள் என்றார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஸ்டீராய்டுக் குப்பியைக் கடைசியாகத்தான் வைத்தேன். அதைத் திருப்பிப் படித்தார்.

"இது யார் கொடுத்தது?"

"நான்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைக் குனிந்து பார்த்து ஒரு வரி எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அத்தை மட்டும் திறந்திருந்த இடது கண்ணால் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அத்தையின் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பக்கத்துத் திரையில் எனக்கும் தெரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் நான் ஒற்றை வெள்ளைத் திட்டு என்று நினைத்தது அங்கே பெரிதாக்கிப் பார்த்தால் பல புள்ளிகள். குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வட்டமாகக் கோத்த மாலைபோல. நடுவில் கொஞ்சம் தெளிவு. "இந்த மாலை மாதிரி அமைப்பைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வருகிறது. சுரண்டிப் பார்த்துவிடுவோம்" என்றார் மருத்துவர்.

மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவியின் முன்னாலேயே உட்கார வைத்து, சின்னக் கத்தியால் புண்ணின் விளிம்பையும் அடியையும் மெல்லச் சுரண்டினார். எடுத்ததைக் கண்ணாடித் தகடுகளில் தடவினார். பிறகு கிருமி வளர்க்கும் ரத்த அகார் தட்டில் ஆங்கில ‘சி’ எழுத்து வடிவில் வரிசையாக இழுத்தார். ஏன் அந்த வடிவம் என்று கேட்டேன். கிருமி அந்தக் கோட்டின் மேலேயே வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றிலிருந்து விழுந்தது. இவ்வளவு எளிய ஏற்பாடு!

சோதனைக்கூடத்து ஆளிடம் நானும் இந்தத் தொழில்தான் என்று சொல்லிக் கெஞ்சி நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தேன். மெல்லிய இழைகள், கிளை கிளையாகப் பிரிந்து, அங்கங்கே மணி கோத்ததுபோல் விட்டுவிட்டு நிறம் ஏறி. "பூஞ்சையா?" என்று கேட்டேன். "எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்" என்றார் அவர். இழையின் தடிமனைப் பாருங்கள் என்றார். ஒரு மைக்ரானைக்கூட எட்டாது, பூஞ்சை இழை அதைப்போல் பல மடங்கு தடித்தது. உறுதிப்படுத்த இன்னொரு சாயம் உண்டு. காசநோய்க் கிருமிக்குப் போடும் அதே சிவப்புச் சாயம்தான். ஆனால் அதற்கு 20 சதவீதக் கந்தக அமிலத்தால் கழுவுவார்கள். இதற்கு 1 சதவீதம்தான். அந்த இளம் அமிலத்துக்குச் சாயம் போகாமல் இழைகள் இளஞ்சிவப்பாக நின்றால் நோகார்டியா. நின்றது.

நோகார்டியா பாக்டீரியாதான். மண்ணில் வாழ்வது. தோற்றத்தில் பூஞ்சை, உறவில் காசநோய்க் கிருமிக்குத் தாயாதி. எட்மண்ட் நோக்கார் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1888-இல் குவாதலூப் தீவின் மாடுகளுக்கு வந்த ஒரு நோயில் முதலில் இதைக் கண்டார். அடுத்த வருடமே அவர் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். இதை நான் அத்தையிடம் விளக்கியது தப்பாகப் போயிற்று. "மாட்டு வியாதியா எனக்கு?" என்று ஆரம்பித்தவர், காசநோய்க்குச் சொந்தம் என்றதும் அழவே தொடங்கிவிட்டார். இருமல் வராது, யாருக்கும் ஒட்டாது, தோட்டத்து மண்ணிலிருந்து வந்தது, கண்ணோடு நிற்கும் என்று செவிலியர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் அடங்கினார்.

மருந்துக்கடைக்காரனான எனக்கு அன்று ராத்திரி மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. நாட்டமைசின் பூஞ்சையின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டீரால் என்ற பொருளைப் பற்றிக்கொண்டு வேலை செய்வது. பாக்டீரியாவுக்கு எர்கோஸ்டீராலே கிடையாது. பன்னிரண்டு நாள், மணிக்கொரு தரம், பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். சாதாரணமாக எழுதுகிற மாக்சிஃப்ளாக்சசின் போன்றவையும் நோகார்டியாவிடம் பலவேளை எடுபடுவதில்லை. இதற்கென்று முதலில் நிற்பது அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக். அது சொட்டு மருந்தாகக் கடையில் கிடைக்காது. ஊசி மருந்தை மருத்துவமனையிலேயே சுத்தமான அறையில் வைத்து நீர்த்துத் தருவார்கள். கணக்கு சின்னப் பையன்கூடப் போடுவான்: 2 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள ஊசிக் குப்பி, அதோடு 8 மில்லி செயற்கைக் கண்ணீர்; மொத்தம் 10 மில்லி, மில்லிக்கு 25 மில்லிகிராம், அதாவது 2.5 சதவீதம். கணக்கு எளிது என்பதற்காக நம் கடை மேசையில் வைத்துக் கலந்துவிடக் கூடாது. புண்ணான கருவிழியில் விடுவது. ஒரு கிருமி தப்பினாலும் கதை வேறு மாதிரி முடியும்.

ஐந்து நாள் அங்கே தங்கினோம். தட்டில் கிருமி வளரவே ஆறு நாள் ஆயிற்று. ஊருக்குத் திரும்பிய மறுநாள்தான் தொலைபேசியில் சொன்னார்கள், சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல் வெள்ளையாக வளர்ந்திருக்கிறது, அமிக்காசினுக்குக் கட்டுப்படுகிறது என்று.

தங்கியிருந்த நாட்களில் பக்கத்துக் கட்டிலில் போடிக்காரர் ஒரு பெரியவர் இருந்தார். அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் பெயர் தெரியாமல் ஒரு வருடம் ஓடிய கதை. இடது கண்ணின் மூக்கோர மூலையில் ஓயாமல் நீர், சீழ், பீளை. கண்வலி என்று சொல்லி விதவிதமாகச் சொட்டு மருந்து போட்டிருக்கிறார். போட்டால் குறையும், நிறுத்தினால் வரும். இங்கே வந்தபோது மருத்துவர் இமையின் கண்ணீர்த் துவாரத்தைப் பிதுக்கிப் பார்த்ததில் மஞ்சள் மஞ்சளாகக் கடுகு மாதிரி மணிகள் வந்திருக்கின்றன. ஆக்டினோமைசஸ். அதுவும் நூல் நூலாக வளர்ந்து பூஞ்சை வேடம் போடும் பாக்டீரியாதான். கண்ணீர்க் குழாய்க்குள் கட்டியாகக் குடியிருக்கும்போது மேலே சொட்டு விட்டு என்ன பயன்? குழாயைக் கொஞ்சம் கீறித் திறந்து, சின்னக் கரண்டியால் மணிகளைச் சுரண்டி எடுத்தார்கள். கால் மணி நேரத்து வேலை. பெரியவருக்கு அந்த மணிகளைத் தாளில் மடித்து ஊருக்குக் கொண்டுபோக ஆசை. தர மறுத்துவிட்டார்கள் என்று மூன்று நாளும் புலம்பினார்.

ஊருக்கு வந்த பிறகுதான் நிஜமான வைத்தியம் ஆரம்பித்தது. மணிக்கு ஒரு சொட்டு. அத்தை வீட்டில் குளிர்பெட்டி இல்லை. என் வீட்டில் இருக்கிறது, ஆனால் பகலில் ஆள் இல்லை. ஆகவே காலை ஆறு மணிக்கு அத்தை கடைக்கு வந்துவிடுவார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி. கண் பாப்பாவை விரிக்கும் ஹோமாட்ரோபின் சொட்டும் போட்டிருந்ததால் வெளிச்சம் கூசும். அதற்காக மருத்துவமனையில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தால் கடையின் முதலாளி அவர்தான் என்று தோன்றும். இரவில் என் வீட்டில் படுக்கை. பத்து மணிச் சொட்டு என் மனைவி, நடுராத்திரி நான், இரண்டு மணிக்கு மகள். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு விழித்திருந்தவள் அவள்.

சொட்டு விடுவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. அத்தனை வருடம் குப்பியை விற்றவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கீழிமையை விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை உண்டாகும். சொட்டு அதில் விழ வேண்டும், நேராகக் கருவிழியில் அல்ல. குப்பியின் மூக்கு இமைமயிரைத் தொடக் கூடாது. விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு ஓடாமல் கண்ணில் தங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். முதல் வாரம் என் கை நடுங்கிக் கன்னத்தில்தான் பாதி விழுந்தது. "ஊரே உன்னைக் கைராசிக்காரன் என்கிறது" என்றார் அத்தை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், சொட்டு விட்டு மூலையை அழுத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன். "அத்தை, நீங்கள் கசக்கியதால் இல்லை. நான் கொடுத்த மருந்துதான் இதை வளர்த்துவிட்டது." அவருக்குக் கண் மூடியிருந்தது. "தெரியும்" என்றார். "அந்தப் பொண்ணு எழுதும்போதே தெரியும். விரலை எடு, மூக்கு வலிக்கிறது."

வளர்த்துவிட்டது என்று நான் சொன்னது வெறும் குற்றவுணர்ச்சியில் இல்லை. அந்த ராத்திரிக் காவல்களில் கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். கருவிழிப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் சேர்த்தால் தழும்பு குறையுமா என்று 2006 முதல் 2010 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 500 நோயாளிகள், மிகப் பெரும்பாலோர் மதுரை, கோவை, திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்த நம் ஆட்கள். எல்லோருக்கும் முதல் 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் மட்டும். கிருமி இன்னதென்று வளர்த்துப் பார்த்த பிறகே பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெற்றுச் சொட்டு. 2012-இல் வெளியான முடிவில் மூன்று மாதப் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த 500 பேரில் 55 பேருக்கு இருந்தது நோகார்டியா. அவர்களில் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத் தழும்பு பெரிதாகவே ஆயிற்று. கிருமியின் பெயர் தெரிந்து, ஆன்டிபயாடிக்கை முன்னே விட்டு, நிபுணர்கள் கண்ணெதிரே கொடுத்தபோதே அப்படி. நான் கொடுத்தது முதல் நாளே, கல்லா மேசையில், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக.

இன்னொன்றும் படித்தேன், அதுதான் அதிகம் வலித்தது. நேபாளத்தில் பக்தபூரில் கிராமத்துத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவிழியில் சிராய்ப்போடு வருகிறவர்களுக்கு 1 சதவீதக் குளோரம்ஃபெனிக்கால் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள் போட வைத்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்து போட்டுக்கொண்ட ஒருவருக்கும் புண் வரவில்லை. அந்தக் களிம்பு என் கடையில் கீழ்த்தட்டில் எப்போதும் இருக்கும். விலை குறைவு என்பதால் யாரும் மதிக்காத சரக்கு. அத்தை நின்ற இடத்திலிருந்து குனிந்தால் கைக்கு எட்டும். நோகார்டியாவை அது தடுத்திருக்காவிட்டாலும் ஊட்டி வளர்த்திருக்காது.

மார்கழி பாதியில் சொட்டு இரண்டு மணிக்கு ஒன்றானது, அப்புறம் நான்கு மணிக்கு ஒன்று. அமிக்காசின் கருவிழியின் மேல்தோலுக்கும் கொஞ்சம் பகை. காரணமில்லாமல் நீட்டக் கூடாது என்று ஒவ்வொரு முறை மதுரை போகும்போதும் அளந்து குறைத்தார்கள். மாலையின் மணிகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. தை கடைசியில் டம்ளர் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. தழும்பு நிற்கிறது. மருத்துவமனையில் சேரும்போது அத்தையின் வலது கண்ணுக்கு விரல் எண்ணும் அளவுக்குத்தான் தெரிந்தது, இப்போது 6/24; நல்ல கண் 24 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் நின்றால்தான் படிக்கும். கடை வாசலிலிருந்து பார்த்தால் பஸ் வருவது தெரிகிறது, பலகையில் ஊர்ப்பெயர் தெரியவில்லை. தழும்பு நடுப்பாப்பாவை முழுக்க மறைக்காததால் கருவிழி மாற்று இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள்.

சீட்டு இல்லாமல் அந்தச் சிவப்புக் கோட்டு மருந்தை இப்போது நான் கொடுப்பதில்லை. வியாபாரம் கொஞ்சம் எதிர்க்கடைக்குப் போயிற்று, போகட்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்கிறேன்: வலி உண்டா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்கலா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருந்து கிடையாது. தேனிக்கும் மதுரைக்கும் பஸ் நேரத்தை எழுதித் தருகிறேன். சிலர் தாளை அங்கேயே கசக்கிப் போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். சாயங்காலம் கூட்டும்போது அந்தத் தாள்கள் கிடைக்கும்.

அத்தை மறுபடியும் ஜீப்பில் போகிறார், வாரத்துக்கு நான்கு நாள். நான் வாங்கிக் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டால் பனியில் ஆவி படிந்து காய் எது, கல் எது என்று தெரியவில்லையாம்; பையிலேயே இருக்கிறது. வேலை இல்லாத நாளில் முக்காலிக்கு வந்துவிடுகிறார், பழக்கம் விடவில்லை. போன வாரம் குமுளிப் பக்கத்து இளைஞன் ஒருவன் பைக்கை ஓரம் கட்டிவிட்டு வந்து, சிவந்த கண்ணோடு அந்த மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டான். நான் என் மூன்று கேள்விகளை ஆரம்பிப்பதற்குள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து தோட்டத்து மலையாளத்தில் குரல் வந்தது.

"டாக்டறெக் காணிக்கு, மோனே."

அவன் எட்டிப் பார்த்தான். அத்தை கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி, வலது கண்ணைக் கீழிமையோடு விரலால் இழுத்து, அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.